தக்கை எழும்பிய போத்தல்

கெலிஓயா,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள றொட்னி அத்தானுக்கு,

நானும் மகள் ஷெரோனும் சுகம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

"அவங்க சொல்ற நம்பரைப் போட்டுட்டு வேலையைக் காப்பாத்திக்க" என்று சொன்னீர்கள். போடவில்லை அத்தான். போடவும் மாட்டேன்.

நடந்ததை முழுதாகக் கேளுங்கள். சர்வதேசத் தரக் குழுக்காரர்கள் ஒரே தொட்டி வைனைப் பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, அது கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகம் எவ்வளவு என்று அளக்கச் சொன்னார்கள். எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு தரம் எழுதும் முன், எல்லாரும் ஒரே மாதிரி அளக்கிறோமா என்று பார்க்கத்தான். இலங்கையிலிருந்து கண்டியில் எங்கள் கூடம். நான் அளந்தேன், குறைவாக வந்தது. கூட வேலை செய்யும் நஸீப் வேறு போத்தலைத் திறந்து அளந்தான். அதுவும் குறைவு.

எங்கள் பெரியவர் ராஜலிங்கம் சார் வேறு நாட்டில் உள்ள சிநேகிதருக்குப் போன் போட்டு அவர்களுடைய எண்ணைக் கேட்டுவிட்டார். அது எங்களுடையதைவிடக் கூட. "எல்லாரும் போட்டதைப் போட்டா என்ன மிஸ் குறைஞ்சிருவீங்க?" என்கிறார். போடாவிட்டால் என் நிரந்தர நியமனத்துக்குக் கையெழுத்து வைக்க மாட்டாராம். அது கிடைத்தால் நீங்கள் இத்தாலியை விட்டு வந்துவிடலாம் என்று நாம் பேசி வைத்ததை நான் மறக்கவில்லை. தெரிந்துதான் மாட்டேன் என்றேன்.

போத்தல்கள் வந்த பெட்டியைப் பிரித்ததே நான்தான். தக்கைகள் பாதி எழும்பி, போத்தல் கழுத்தெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. வழியில் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது, அந்தச் சூட்டில் கந்தகம் குறைந்திருக்கும். என் கைக்கு வந்த வைனில் இருந்ததைத்தானே நான் எழுத முடியும்? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதற்கு இத்தனை நாடு எதற்கு, ஒரு நாடே போதுமே.

அங்கே உங்கள் வேலையிடத்தில் கழுவாத பீப்பாயைக் கழுவியதாகச் சொல்லச் சொன்ன மேஸ்திரியோடு போன வருஷம் நீங்கள் போட்ட சண்டையை எனக்குச் சொல்லிச் சிரித்தீர்களே. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்த மனிதர்தான் இப்போது எனக்கு இப்படிப் புத்தி சொல்கிறாரா?

வெள்ளிக்கிழமை என் எண்ணையே அனுப்பிவிட்டேன், தக்கையின் படத்தோடு. சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நஸீப் மட்டும் தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். வேலை போனால் கம்பளையில் டியூஷன் வைப்பேன், பட்டினி கிடக்க மாட்டோம்.

மாதா உங்களைக் கைவிடாமல் காக்கட்டும். நத்தார் பண்டிகைக்கு அப்பா வருவாரா என்று ஷெரோன் கேட்டாள். வருவார் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்,
றேணுகா