பெரிய ற

மார்ச் 4, செவ்வாய்
இன்று மூன்று ஏசி மாட்டினேன். கடைசி வீட்டில் சுவர்ப்பூச்சு படு மட்டம். நேராகவே சொன்னேன், வீட்டுக்காரம்மா முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

மனைவி நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவள் நோட்டில் ஒரு வாக்கியம்: ‘ஐ புட் அப் வித் மை ஹஸ்பண்ட்.’ எனக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின் மேனுவல் இங்கிலீஷ்தான். “புட் அப் வித்னா என்ன?” என்று கத்தினேன். சமையலறையில் குழாய்ச் சத்தம். “பொருத்திக்கறது!” என்றாள்.

சரிதானே? புட் – வை. அப் – மேலே. மேலே வைத்துப் பொருத்துவது. தினம் நான் செய்கிற வேலை. புருஷனோடு பொருந்திப் போகிறாளாம். நல்ல வாக்கியம்.

மார்ச் 5
கூட வேலை செய்பவனிடம் பெருமையாகச் சொன்னேன். ஏணியைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். “மச்சான், வெளிய சொல்லிடாத.” ஏன்?

மார்ச் 7
நோட்டைத் திரும்பப் பார்த்தேன். ஓரத்தில் தமிழில்: பொறுத்துக்கொள்வது. பெரிய ற! எழுத்துப் பிழையோ? அவள் பிழை விடுகிறவள் இல்லையே. கீழே: வலியை, சத்தத்தை, அநியாயத்தை.

அந்த வரிசையில் நானா? என்ன பண்ணிட்டேன் நான்? குடிக்கிறேனா, அடிக்கிறேனா?

மார்ச் 8
கேட்டேவிட்டேன். “சும்மா உதாரணம்ங்க.” உதாரணத்துக்கு வேற ஆளே கிடைக்கலையா? எதிர்வீட்டு நாய் இருக்கே! சிரித்தாள். சிரிப்பா அது? தெரியல.

ஏப்ரல் 9, புதன்
தேறிவிட்டாள். வேலைக்கான படிவம் மேசைமேல். எல்லாம் நிரப்பியிருக்கிறாள் – ‘உடன் வருபவர்’ என்ற கட்டம் மட்டும் காலி. மறந்தாளா, விட்டாளா?

ஏப்ரல் 11
தாங்கல. “அப்படி என்னதான்டி பொறுத்துக்கற?”

“நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா—”

“புரியுது, பேச விடறதில்ல. அதானே?”

என்னையே பார்த்தாள். கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு
இன்று அவள் பேசினாள். ஏழு முறை ‘புரியுது’ நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பாதி உண்மையிலேயே புரியவில்லை. அதையும் அவள் முடித்த பிறகுதான் சொன்னேன். “அது பரவால்ல” என்றாள்.

சாயங்காலம் பார்த்தேன், அந்தக் கட்டத்தில் ‘கணவர்’. பென்சிலில்தான். பக்கத்திலேயே ரப்பர். எடுத்து ஒளித்துவைக்கக் கை நீண்டது.

வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்.