சாமிக்கு நேர்ந்த முடி

மாமா,

நம் வைஷ்ணவியோடு பொன்னேரிக்குப் போகிறேன். மடவை மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. பூனைக்கு முந்திச் சாப்பிடு.

இன்றைக்கு அவளுக்குப் பார்லர் பரீட்சை. வெட்டிக் காட்டத் தலை கொடுப்பதாகச் சொன்ன பெண் வரமாட்டேன் என்றுவிட்டாளே, அதனால் என் தலை. கழுத்தளவு பாப் வெட்டி, குனியவைத்துச் சூடான காற்றடித்து, உருண்டைச் சீப்பால் புஸ்ஸென்று தூக்கிவிடுவாளாம்.

"திருப்பதிக்கு நேர்ந்த முடியில கத்திரி வெப்பியா நீ?" என்று ராத்திரி கத்தினாய். யோசித்தேன். பெருமாளிடம் மலைமலையாய் முடி இருக்கிறது. நம் பெண்ணுக்கு இந்த ஒரு தலைதான். வெட்டியது போக மிச்சத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நீதான்.

வேலம்மா

ஒன்று விட்டுவிட்டேன். சாயங்காலம் பஸ் நிற்குமிடத்துக்கு வா. சிரிப்பு வந்தால் வீட்டில் வந்து சிரி. அங்கே மட்டும், "நல்லாக்கீது" என்று அவள் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிடு.