ஜெனரேட்டர் லைன்

2024 அக்டோபர் 21, திங்கள்
பென்னாகரம் போய் வந்தேன். செல்லியம்மா காட்டில் கேழ்வரகு குலை நோயில் கருகிக் கிடக்க, சில செடிகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. அவற்றின் இலைகளைக் கிள்ளி, அங்கேயே உறையவைத்துக் கொண்டுவந்து, ஆய்வகத்தின் உறைபெட்டியில் முந்தைய இரண்டு பருவத்து இலைகளோடு சேர்த்தேன். அந்தச் செடிகள் எப்படித் தப்பின என்று இந்த இலைகள்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை உருகினால் போச்சு.

அக்டோபர் 26
கலைமதிக்கு மரபணுவைப் படிக்கும் புது இயந்திரம் வந்துவிட்டது. கல்லூரியிலிருந்தே என்னோடு வருபவள். இப்போது ஆய்வகப் பொறுப்பாளர். ஜெனரேட்டர் லைன் இருப்பது ஒன்று, அது என் பெட்டிக்கு. லீவில் கரண்ட் போனால் என்று இழுத்தேன். "உன் பெட்டி மேல யாரு கை வெப்பா? நிம்மதியா வூட்டுக்குப் போ வஹிதா" என்றாள்.

நவம்பர் 4
தீபாவளி விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். பைகள் கொழகொழவென்று— ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்று பருவத்து உழைப்பு.
"ஜெனரேட்டர் ரிப்பேர் ஆயிருக்கும்டி" என்று கலைமதி அழுதாள். அவள் தோளில் சாய்ந்து நானும் அழுதேன்.

நவம்பர் 5
ஜெனரேட்டருக்கு என்ன ஆச்சு என்று எலக்ட்ரீஷியன் சின்னராஜிடம் கேட்டேன். விழித்தார். "அது நல்லாத்தான் ஓடுச்சுங்க மேடம். லீவுக்கு முன்னாடியே லைனைப் புது மிஷினுக்கு மாத்தச் சொன்னாங்களே கலைமதி மேடம். உங்களுக்குத் தெரியும்னாங்க."
எனக்குத் தெரியுமாம்!

நவம்பர் 6
அவளிடமே கேட்டேன். "மிஷின் பாதியில நின்னா எல்லாம் வீணாயிரும். கரண்ட் அவ்ளோ நேரம் போவும்னு நெனைக்கலடி."
சரி, நெனைக்கல. அப்புறம் எதுக்குடி எங்கூட அழுத?

2025 பிப்ரவரி 10
அந்த ஆய்வகத்தை விட்டு, தருமபுரியில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். பாடம் நடத்தியது போக மிஞ்சும் நேரம்தான் ஆராய்ச்சிக்கு. பழைய உறைபெட்டி ஒன்று தந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 13
மறுபடியும் செல்லியம்மா காடு. "போன வருசம் கிள்ளிக்கிட்டுப் போனதெல்லாம் என்னாச்சு கண்ணு?"
"கெட்டுப்போச்சுங்கம்மா."
இந்த வருடம் தப்பிய செடிகளைக் காட்டினார். இலைகளைக் கிள்ளிக்கொண்டேன்.

அக்டோபர் 17
கலைமதி போன் செய்தாள். இயந்திரம் சும்மா நிற்கிறதாம். போட்டுப் பார்க்க நல்ல மாதிரிகள் இல்லையாம். "நீ இலையக் கொண்டா. ரெண்டு பேர் பேர்லயும் கட்டுரை போடலாம்டி."
அவளிடம் கொடுத்தால் சீக்கிரம் முடியும். இங்கே அப்படி ஓர் இயந்திரம் இல்லை. கோவை ஆய்வகத்துக்கு அனுப்பினால் முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.
"கோயம்புத்தூருக்கே அனுப்பிக்கிறேங்க" என்றேன்.
இத்தனை வருடப் பழக்கத்தில் முதன்முறையாக அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியிருக்கிறேன் என்பது, போனை வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது.