மேடையில் நான் நீட்டும் கடிதம்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஹெஸ்கெத் மேடம் கூப்பிட்டார். மேடை மேலாளர் கூப்பிட்டால் லண்டனில் எந்த அரங்கிலும் நல்ல சேதியாக இருந்ததில்லை.

நேற்று இரண்டாம் அங்கம். தங்கை வேடத்தில் நான் கடிதத்தை நீட்டுகிறேன். அக்காவாக நடிக்கும் கதாநாயகி மாரின் டால்பி அதைப் படித்துவிட்டுப் பாட வேண்டும். படித்தாள். சிரித்தாள். பாடவில்லை! இசைக்குழு ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசித்தது. நான்தான் கிள்ளினேன்.

"கடிதத்துல என்னடி எழுதின?"

"நான் எழுதல மேடம்."

"போன மாசம் 'உன் விக்கு கோணல்'னு எழுதினது யாரு? உங்க பாட்டனா?"

அது நான்தான். மேடைக் கடிதத்தில் எதையாவது கிறுக்கி, படிப்பவரைச் சிரிக்க வைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள நோய். எனக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது.

சனிக்கிழமைக்குள் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் என் வேடம் வேறொருத்திக்கு. செய்ததற்கெல்லாம் தப்பித்தேன், செய்யாததற்கு மாட்டுவதா?

பிப்ரவரி 4, புதன்

மதியக் காட்சி. நீட்டும் முன் பிரித்துப் பார்த்தேன். 'நேற்று மூன்றாம் வரியில் உங்கள் மூச்சு திணறியது. சளியா? தேன் குடியுங்கள். அந்தப் பச்சை கவுனில் குளிராதா?'

மாரினிடமே கேட்டேன்.

"நீ எழுதலைன்னு தெரியும்டி. இத்தனை மரியாதை உனக்கு வராது."

"அப்போ மேடம்கிட்ட சொல்லேன்!"

"சொன்னா யாருன்னு தேடுவாங்க. அப்புறம் கடிதம் வராது."

என் வேலை போனால் பரவாயில்லையாக்கும்!

பிப்ரவரி 5, வியாழன்

பச்சை கவுனா? முதல் வாரமே அதைத் தூக்கிவிட்டுச் சிவப்பு தைத்தார்களே. வாசல் சுவரொட்டியில்தான் இன்னும் பச்சை. அப்படியானால் எழுதியவர் மேடையைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் மூச்சுவரை கேட்கிறது —

குழி!

மேடைக்கடியில் இசைக்குழுவின் குழிக்குள் பதினோரு பேர் வாசிக்கிறார்கள். நூறு காட்சி வாசித்தும் ஒன்றைக்கூடப் பார்க்காதவர்கள். அவர்கள் ஏறி வரும் படி முடிவதோ, கடிதம் வைத்திருக்கும் மேசையருகில்.

தேநீர் இடைவேளையில் இறங்கி, ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "மாரின் கவுன் என்ன கலர்?"

பத்துப் பேர், "யாருக்குத் தெரியும், போ" என்றார்கள். செல்லோக்காரர் மட்டும் சட்டென்று, "பச்சை." பெயர் ஐவர்; ஆள் ஒருவர்தான்.

"சிவப்பு" என்றேன். அவர் முகமும் அதுவாயிற்று.

"சொல்லிடுவியா பாப்பா? வேலை போயிடும்."

எனக்கும்தான் போகும். படியேறி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? எனக்கென்ன வந்தது?

பிப்ரவரி 7, சனி

நான்தான் எழுதினேன் என்று பொய் சொல்லிவிடப் போனேன். மேடத்தின் முன்னால் ஐவர் ஏற்கெனவே நின்றிருந்தார், செல்லோ வில்லைக் குடைபோல் பிடித்துக்கொண்டு.

"குழியில இருக்கறவங்க குழியோட இருக்கணும். இன்னொரு தடவை அந்த மேசையைத் தொட்டா வேற ஆள் போட்டுடுவேன்." என் பக்கம் திரும்பினார். "நீ என்ன முழிக்கிற? போய் மேக்கப் போடு."

அவருக்கு மன்னிப்புக் கேட்க அவ்வளவுதான் வரும்.

இன்று கடிதம் வெற்றுத் தாள். மாரின் ஒழுங்காகப் பாடினாள், உயிரில்லாமல். முடிவில் வணங்கும்போது விளிம்புக்குப் போய்க் குழிக்குள் குனிந்து பார்த்தாள். பதினோரு தலைகள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆயிரம் பேர் முன்னால் காற்றில் செல்லோ வாசித்துக் காட்டினேன்.

மார்ச் 11, புதன்

அறிவிப்புப் பலகையில் இரண்டு சீட்டுகள். மாரின் டால்பிக்கு இன்று மாற்று நடிகை. செல்லோவுக்கும் மாற்று ஆள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சலாம்" என்றார் மேடம், என்னையே பார்த்து.

"ஒட்டுவாரொட்டி, மேடம்" என்றேன்.