படையலுக்கு வல்லாரை

கம்சா மகள்,

சிவப்பிப் பசுவுக்கு மருந்து எடுக்க மாட்டு டாக்குத்தரிடம் போகிறேன். காலையில் வந்து பார்த்தார், அதன் தாடை வீங்கியது ஈரல் பூச்சியாலாம். வாய்க்கால் நத்தையால் பரவும் பூச்சி, அங்கே முளைக்கிற கீரையைப் பச்சையாகத் தின்றால் மனிதருக்கும் வருமாம். நீ சொன்னதையேதான் அவரும் சொன்னார்.

நாளைக்கு அப்பாவின் திவசத்தில் அவர் விரும்பிய, வாய்க்கால் வல்லாரையைப் பச்சையாக அரிந்து செய்யும் சம்பல் இல்லாமலா என்று நான் கோபித்தேன். "செத்த மனிசனுக்கு இனி என்ன நோய் வருத்தம் வரப்போகுது?" என்றும் கேட்டேன். "அப்பாக்கு வராதும்மா. படைச்சதத் திங்கப்போறது என்ட புள்ளதானே" என்றாய். அதன்பிறகு நாம் பேசவில்லை.

நீ விட்டுக்கொடுக்காமல் நின்றாயே, அது பெரிய காரியம் மகள். அவர் போனபின் என்னை மறித்துப் பேச இந்த வீட்டில் ஆளில்லை என்றிருந்தேன்.

சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். பேரனுக்கு முதலில் கொடு. வீட்டுப் பூட்டின் திறப்பு சாமித்தட்டில் இருக்கிறது.

அம்மா

மறந்துபோனேன். நாளைக்கு அந்த வல்லாரையை நன்றாகக் கொதிக்கவிட்டுப் பால்கறியாகக் காய்ச்சு. படத்திலிருந்து அப்பா முறைத்தால், அம்மாதான் சொன்னா என்று என்னைக் காட்டிவிடு.