மேற்கு பார்த்த வாசல்

மார்ச் 28, வியாழன்
லேபில் இன்று முப்பத்தெட்டு பேருக்கு ரத்தம் எடுத்தேன். கை வலி. வீட்டுக்கு வந்தால் இவர் பெட்டியில் சட்டைக்குப் பதிலாகப் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை அடுக்கிக்கொண்டிருக்கிறார். முப்பத்தோரு வருஷம் அதில் வரும் ஒரு வெளிநாட்டைப் பற்றிப் பாடம் நடத்தியவர், ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. இப்போதுதான் போகிறோம். நாலு பழைய ஊர்கள், எல்லாம் ரயிலில். டிக்கெட்டோடு வழிகாட்டியும் உண்டு.
"வழிகாட்டி எதுக்கு? நான் இருக்கேன்ல?"
இருக்கிறார். அதுதானே கவலை!

ஏப்ரல் 3, புதன்
வந்து சேர்ந்தோம். குளிர். இவர் தூக்கத்திலும் பாடம் நடத்துகிறார்.

ஏப்ரல் 4
முதல் ஊர். வழிகாட்டி சின்னப் பெண், சுறுசுறுப்பானவள். அவள் ஒன்று சொன்னால் இவர் இரண்டு திருத்தம். குழுவில் எல்லோரும் முறைத்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? மெதுவாக அவள் காதில், "இவர் பெரிய பேராசிரியர், நாளைக்குக் கோட்டையை அவரையே விளக்கச் சொல்லேன்" என்று ஊதிவிட்டேன்.

ஏப்ரல் 5
இரண்டாவது ஊர். ரயிலில் வழி முழுக்க ஒத்திகை. கோட்டை வாசலின் வளைவுக்குள் குழுவை நிறுத்தி, தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தார். "எதிரிகள் மேற்கிலிருந்து வந்தார்கள். அதனால்தான் இந்த வாசலைக் கிழக்கு பார்த்துக் கட்டினார்கள்."
மணி மாலை ஆறு. வாசலுக்கு நேர் எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லார் முகத்திலும் வெயில். ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இந்த ஊரில் சூரியன் கிழக்கிலா மறையும்?" என்றார்.
ஒரே சிரிப்பு. முதலில் சிரித்தது நான்தான்.

ஏப்ரல் 6
மூன்றாவது ஊர். அரண்மனை பார்க்க இவர் வரவில்லை. நானும் போகவில்லை. மதியம், "ஊருக்குப் போயிடலாம்" என்றார். அப்போதுதான் உறைத்தது, இது வெறும் கோபம் இல்லை என்று. மெல்ல மெல்ல வாயைப் பிடுங்கினேன்.
முன்பு ஒரு மாணவன் பரீட்சையில் அந்தக் கோட்டை வாசல் பார்ப்பது 'மேற்கு' என்று எழுதியிருந்தானாம். அவன் மாமா இங்கே வேலை பார்த்தவர், வாசலின் போட்டோ அனுப்பியிருந்தாராம், அதையும் கொண்டுவந்து காட்டினானாம். இவர் என்ன செய்தார்? "உங்க மாமாவா பாடப்புத்தகம் எழுதினார்?" என்று கேட்டு, மார்க்கைக் குறைத்து, 'கிழக்கு' என்று நூறு தடவை எழுத வைத்திருக்கிறார்.
"கிளாஸே சிரிச்சுது. அவன் மட்டும் அந்தப் போட்டோவை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டான்."
நேற்று நானும் அதைத்தானே செய்தேன்? ச்சே... என்ன பொம்பளை நான்!
அந்த மாணவன் வேறு யாருமில்லை, எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். உடனே அவர் நம்பரைப் போட்டு, "உங்க பிரஷர் மாத்திரை தீரப்போகுது, எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்று போனை இவர் காதில் வைத்துவிட்டேன். வலிக்காமல் குத்துவதுதானே என் தொழில்.
இவர் மாத்திரையைப் பற்றிப் பேசவேயில்லை. "தம்பி... அந்தக் கோட்டை வாசல் மேற்கு பார்த்துதான்ப்பா இருக்கு. நேர்ல பாத்துட்டேன். நீ எழுதினதுதான் சரி."
அந்தப் பக்கம் கல்லாவை மூடும் சத்தம். பிறகு, "மார்க்கெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க சார். நூறு தடவை எழுதினேனே, அதுக்கு ஏதாவது பாத்து செய்யுங்க!"
இவரிடமிருந்து ஒரு சத்தம். சிரிப்பா, தும்மலா, வேறு ஏதாவதா? நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.
வெளியே வந்து, "நேத்து முதல்ல சிரிச்சது நான்தான்" என்றேன்.
"தெரியும். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

ஏப்ரல் 7
வழிகாட்டியிடம் மன்னிப்பு கேட்டார். அவள் பாதி மன்னித்திருக்கிறாள்.

ஏப்ரல் 8
நாலாவது ஊருக்குப் போகும் வழியில் ஒரு குட்டி ஸ்டேஷனில் ரயில் நின்றது. எதிரே இடிந்த மதில், அதன்மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். "இதைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலையே!" என்று, என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் ஓடினேன். வழிகாட்டி ரயில் கதவில் நின்று கையாட்டினாள், ரொம்ப நிம்மதியாக.
இதை முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கழுத்தில் துண்டோடு, அந்த மதிலை யார் கட்டினார்கள் என்று இவர் கேட்க, கடைக்காரர் கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். பாதி பேச்சு, பாதி கை ஜாடை. இவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்கிறார்.
அடுத்த ரயில் நாலு மணிக்கு. இப்போது மூன்றே முக்கால். முடி ஒரு பக்கம்தான் குறைந்திருக்கிறது, கதை இன்னும் இரண்டாவது ராஜாவைத் தாண்டவில்லை.
நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டேன்.