கணக்கெடுத்த நாளில் ஜெனிதா சொன்னது

அன்புள்ள மகள் கிறேஸுக்கு, அப்பா எழுதுவிப்பது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் இருக்கிறோம், குவைத்தில் உனக்கும் சுகம் குறையாமல் இருக்கட்டும். போனில் சொல்ல ஏலாது, உன் மகள் ஜெனிதா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் நம் பள்ளி ரீச்சர் பரீதாவைக் கொண்டு இதை எழுதுவிக்கிறேன்.

நம் கரைப் பள்ளியைத் தை மாதத்தோடு மூடி நிலாவெளிப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள். நீ முதலாம் வகுப்புக்குப் போன வருசம் பிள்ளைகள் கூடி, இருக்க வாங்கு காணாமல் பாயில் இருத்தினார்கள், உன் பக்கத்தில் யார் இருந்தது என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. கடல் வந்துபோன பிறகும் பள்ளி நடந்தது. இப்போது வசதியுள்ளவர்கள் வான் பிடித்து டவுனுக்கு அனுப்புகிறார்கள், மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தான். கரைவலைக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடிக் குடிசை போடுகிற சனத்தின் பிள்ளைகளை இருத்தித்தான் இவ்வளவு காலமும் தொகை காட்டினோம், இந்த முறை அவர்களும் வரவில்லை.

போன கிழமை கல்விக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வந்தார். தாய்மார் நாலு வயதுக் குஞ்சுகளுக்கும் வெள்ளைச் சட்டை போட்டு வாங்கில் இருத்திவிட்டார்கள், ரீச்சர் வேண்டாமென்றும் கேட்கவில்லை. நானும் வாசலில் நின்றேன். வந்தவர் ஆனந்தராசாவின் கடைக்குட்டியிடம் பெயர் கேட்க அவன் முழிசினான். ஜெனிதா எழும்பி, அவனுக்குக் கதைக்க வராது சேர், அவன் இன்னும் பால்குடி என்று உதவி செய்கிற மாதிரிச் சொன்னாள். வேறு ஆர் பால்குடி என்று கேட்க ஒவ்வொருவராய்க் காட்டிவிட்டாள். அவர் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

பின்னேரம் ஆனந்தராசாவின் பெண்சாதி படலையில் நின்று, உங்கட பேத்தி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா பள்ளிக்கூடம் இருந்திருக்கும் மாமா, இனிப் பிள்ளையளை நிலாவெளிக்கு நீங்களோ தூக்கிக்கொண்டு போறது என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கோபமும் வரவில்லை, கவலையும் வரவில்லை, வலையைக் கழுவிக் காயப்போட்டேன். பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து வாய் திறப்பதில்லை, சாப்பிட்டியோ என்றாலும் தலையைத்தான் ஆட்டுகிறாள். இதை எழுதுகிற ரீச்சரே, உன்னால இல்ல புள்ள, அவங்க எப்பவோ முடிவெடுத்துட்டாங்க என்று மடியில் வைத்துச் சொன்னார். அதற்கும் தலையை ஆட்டினாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இடுப்பு நோவுக்கு எண்ணெய் பூசு. மாதா உன்னைக் கைவிடமாட்டா. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கும்போது போனைப் பிள்ளையிடம் கொடுப்பேன். வைக்கிற நேரம் எப்போதும் சொல்கிற மாதிரி, உள்ளதைச் சொல்லிப் பழகு மகள் என்று இந்த முறை சொல்லாதே.

உன் அப்பா,
யோசேப்